இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

ஸ்காத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரண்டின் விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 2.7 கிலோமீட்டரே. 1967-ம் வருஷத்தில் லோகன் ஏர் கம்பெனியார் இவ்வழியே விமானம் விடத் தொடங்கினர். அட்டவணையில் குறித்த நேரம் 2 நிமிஷம். காற்று அனுகூலமாயிருந்த ஒரு சமயம் 53 விநாடியிலேயே இறங்கியதுமுண்டு. வெற்றிலை மடிப்பதற்குள் பிரயாணம் முடிந்துபோம்!

இதைக் கேட்டு நகைப்போருடன் நாம் சேரோம். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்போர் நூற்றுக்கும் குறைவு. படகும் உண்டு, ஆயினும் குளிர்காலத்தில் அக்கடலை நம்பிப் பாடசாலையோ வைத்தியமோ நடத்தல் இயலாது. உபாத்தியாயரும், கிர்க்வால் வைத்தியசாலை செல்லும் நோயாளியும் 8 பிரயாணிகள் ஏறத்தக்க சிறு ஐலண்டர் விமானத்தையே நாடுகின்றனர். டிக்கட் பணம் மட்டும் செலவுக்குக் காணாதாகையால், தீவுகளின் ஸ்தல ஸ்தாபனத்தார் பொதுப்பணத்திலிருந்து உதவுகின்றனர்.

இது வீண் செலவென்று வாதிப்போரை நாம் ஒன்று கேட்கிறோம். உபாத்தியாயர் வாராவிடில் குழந்தையுள்ள எக்குடும்பம் அத்தீவில் தங்கும்? குடிகள் போனபின் மிச்சம் பிடித்த பணம் யாருக்கு? லாப நஷ்டக் கணக்கு ஒரு சாட்சியே, அதுவே நீதிபதியன்று.

வேடிக்கைக்காக ஏறுவோரும் இப்பொழுது பலர். உபாத்தியாயருக்கோ, இறங்கியவுடன் வகுப்பு காத்திருக்கிறது.