கண்டி கழுவிய தண்ணீர்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் அலுவிகாரையைத் தாண்டினால் பலாபத்வல. சுது கங்கை இந்தப் பக்கமாகத்தான் வடக்கே போகிறது. சுது என்றால் சிங்களத்தில் வெள்ளை. அதில் ஓடுவதெல்லாம் நம் மலைத் தண்ணீர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1976க்குப் பிறகு அது பாதி உண்மைதான். அந்த ஆண்டிலிருந்து பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறக்குறைய 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குக் கொண்டுவந்து, அங்குள்ள மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றவிட்டு, பிறகு சுது கங்கையில் விடுகிறார்கள். அது மாத்தளையைக் கடந்து, நம்மைக் கடந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் அதில் ஒரு பங்கைக் கலாவெவப் பக்கத்து வயல்களுக்கு அனுப்புகிறது.

பொல்கொல்லைக்கு மேலே கட்டுகஸ்தோட்டை, அதற்கும் மேலே கட்டம்பே. கண்டி வாவியிலிருந்து வரும் மெத எல என்ற கால்வாய் அந்தப் பக்கத்தில்தான் மகாவலியில் விழுகிறது. கண்டி நகரத்துக் கடை, ஓட்டல், வீடு எல்லாவற்றின் அழுக்குத் தண்ணீரும் பல காலமாக அந்தக் கால்வாயை நம்பித்தான் இருந்தது. ஆகவே கண்டிக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டக் காசு எங்கிருந்து வருகிறது, எந்த எந்த மேசை தாண்டி வருகிறது என்று ஒரு பலாபத்வலக்காரன் விசாரித்தால் அது ஊர்வம்பில் சேராது.

காசுக்கு முன்னால் கணக்கு. ஒரு நகரம் எவ்வளவு கழிவுநீர் விடுகிறது என்று எவரும் வாளி வைத்து அளப்பதில்லை. குழாயில் போன தண்ணீரில் சுமார் 80 வீதம் கழிவாகத் திரும்பும் என்று பொறியியலாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாலு பேர் உள்ள வீடு, ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் என்றால் 480 லீற்றர். அதில் 384 லீற்றர் கழிவு. இதில் ஆளுக்கு வரும் பங்கை இன்றைய சனத்தொகையால் பெருக்கினால் இன்றைய கழிவு வரும்; இருபது இருபத்தைந்து வருடம் கழித்து இருக்கப்போகிற சனத்தொகையால் பெருக்கினால் நிலையத்தின் அளவு வரும். பிறகு தரம். உள்ளூர் ஆறு குளத்தில் விடும் கழிவுநீரில் பி.ஓ.டி. லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்பதன் அளவுதான் அந்தப் பி.ஓ.டி. வீட்டுக் கழிவு வரும்போதே அது 200, 300 இருக்கும். நிலையம் எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள தூரமே பதில் சொல்லிவிடும்.

அடுத்தது, யார் பெயரில் எழுதுவது? மாநகர சபைக்குச் சோலைவரி வருகிறது, சந்தைக் கடை வாடகை வருகிறது. அதை வைத்துக்கொண்டு குப்பை அள்ளலாம், தெருவிளக்குப் போடலாம். சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதனால் இலங்கையில் இப்படிப்பட்ட வேலை பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கையில்தான். அந்தச் சபை திட்ட அறிக்கையைத் தன் அமைச்சுக்குக் கொடுக்கும். அது தேசிய திட்டமிடல் திணைக்களத்துக்குப் போகும், திறைசேரிக்குப் போகும், வெளிநாட்டுக் காசு வேண்டுமென்றால் வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்துக்கும் போகும். கடைசியில் அமைச்சரவைப் பத்திரம். ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கடிதம். இந்தக் கட்டத்திலேயே வருடங்கள் போய்விடும்.

இந்த ஓட்டத்துக்குள் நமக்கு ஒரேயொரு வாசல் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த அறிக்கையை 30 வேலை நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். யாரும் எழுதலாம். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவரும் எழுதலாம். ஆனால் கண்டியில் ஒரு கந்தோரில் அறிக்கை வைத்திருப்பதைப் பலாபத்வலயில் எத்தனை பேர் அறிவார்கள்? மேல்பக்கத்து நகரத்துக்குத் திட்டம் போடும்போது கீழ்ப்பக்கத்துப் பிரதேச சபைக்கும் ஒரு பிரதி போகவேண்டும் என்பது என் வாதம்.

கண்டிக்குக் கடன் கொடுத்தது ஜப்பான். 2010 மார்ச்சில் ஜைக்கா நிறுவனம் சுமார் 14 பில்லியன் யென்னுக்கு உடன்படிக்கை செய்தது. நிலையத்துக்கு இடம் மகாவலிக்கு அக்கரையில், கன்னொருவயில். கொழும்புக்கு இதே காலத்தில் வேறொரு வாசல் திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் போட்ட பழைய குழாய்களையும் பம்ப் நிலையங்களையும் திருத்த 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 100 மில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. வட்டி குறைவு, தவணை நீளம், தொடக்கத்தில் சில வருடம் முதலைத் திருப்பத் தேவையில்லை. சந்தையில் இப்படிக் கடன் கிடைக்காது என்பது உண்மைதான்.

சிக்கல் வட்டியில் இல்லை, நாணயத்தில் இருக்கிறது. 2010இல் ஒரு லட்சம் யென் வாங்க ஒன்றேகால் லட்சம் ரூபாய் போதும். 2024இல் அதே ஒரு லட்சம் யென்னுக்கு இரண்டு லட்சம் ரூபாய் அளவில் தேவைப்பட்டது. கழிவுநீர்க் கட்டணத்தைக் கண்டிக்காரர் யென்னில் கட்டுவதில்லை, ரூபாயில் கட்டுகிறார். இடையில் உள்ள பள்ளத்தைத் திறைசேரி நிரப்புகிறது. அதாவது கழிவுநீர்க் குழாயையே கண்ணால் காணாத ஊரிலிருந்து வரும் வரியும் அதற்குள் போகிறது. இலங்கையில் குழாய்வழிக் கழிவுநீர் வசதி உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பலாபத்வலயில் தேயிலைத் தூள் வாங்கும்போது நாம் கட்டும் வரியில் ஒரு துளி கன்னொருவயில் விழுகிறது. அதற்காக நான் அழவில்லை. அங்கே விழும் துளி சுரங்கம் வழியாக நமக்கே திரும்பி வருகிறதே.

கடன் கிடைத்துவிட்டால் முழுக் காசும் கிடைத்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. நிலம் வாங்க, நட்டஈடு கொடுக்க, உள்நாட்டு வரி கட்ட, அலுவலக நிர்வாகம் நடத்த ஜைக்கா கடன் பொதுவாகக் காசு தராது. அது நம் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வரவேண்டும். நிலம் எடுப்பது 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டத்தின்படி. முதலில் 2ஆம் பிரிவு அறிவித்தல் மரத்திலோ மதிலிலோ ஒட்டப்படும். அவசரம் என்றால் 38(அ) பிரிவால் காணியை முன்கூட்டியே கையேற்கலாம். நட்டஈட்டுக்கான காசு அதே வேகத்தில் வராது. கோடிக்கணக்கான யென் தயாராக இருக்க, சில பேர்ச் காணிக்கு ரூபாய் வராமல் வேலை நிற்பது இந்த நாட்டில் புதினமில்லை.

பிறகு கேள்விப்பத்திரம், ஒப்பந்தம். ஒப்பந்தக்காரர் வங்கி உத்தரவாதம் வைத்து முற்பணம் எடுப்பார். மாதாமாதம் செய்த வேலையை அளந்து பில் போடுவார். ஆலோசனைப் பொறியியலாளர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பார். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து குறை திருத்தும் காலமும் கழிந்த பிறகே விடுவார்கள். இந்தப் பகுதி நன்றாக ஓடும். எண்ணெய் போட்ட சில்லு மாதிரி.

2022 ஏப்ரல் 12இல் அந்தச் சில்லும் நின்றது. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை இலங்கை நிறுத்திவைப்பதாக அறிவித்த நாள் அது. கட்டாதவனுக்கு யார் மேலும் கொடுப்பார்? ஜப்பான் கடனில் நடந்துகொண்டிருந்த வேலைகளுக்கு வந்த காசு நின்றது. கடன் கொடுத்த நாடுகளுடன் 2024 ஜூனில் இணக்கம் கண்ட பிறகு, ஜூலையில்தான் ஜப்பான் மீண்டும் கையைத் திறந்தது. இரண்டு வருடம் மழையில் கிடக்கும் தோண்டிய குழியையும் துருப்பிடிக்கும் கம்பியையும் எந்த மதிப்பீட்டு அறிக்கையும் முன்கூட்டி எழுதுவதில்லை.

நிலையம் கட்டியாயிற்று, பெரிய குழாயும் வீதியில் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனித்தான் எனக்கு முக்கியமாகப் படும் கட்டம். பொதுக் குழாய் வீதியோடு நிற்கும். வீட்டு மலசலகூடத்திலிருந்து வீதிவரைக்கும் உள்ள இருபது முப்பது அடி யாருடையது? பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. மதிலுக்குள் சீமெந்து போட்ட முற்றத்தை உடைக்கவேண்டும். 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய், முழங்கை, ஒரு சோதனைக் குழி, அதற்கொரு மூடி. குழாய்க்குச் சரிவு வேண்டும். வீடு வீதிக்குக் கீழே இருந்தால், கண்டியிலும் மாத்தளையிலும் பாதி வீடு அப்படித்தான், தண்ணீர் மேலே ஏறாது. மேசன் பாஸ் கூலி, மணல், சீமெந்து. பழைய குழியை வெற்றாக்கி மூடுவதற்கும் ஒரு செலவு. பழைய குழி நன்றாக வேலை செய்கிறது என்று நினைக்கும் ஆள் எதற்காக இதைச் செய்வார்? செய்யமாட்டார். அப்போது நாள் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான கனமீற்றருக்குக் கட்டிய நிலையம் அரை வயிற்றோடு ஓடும். நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு போதாது. காற்று ஊதும் இயந்திரத்துக்கு மின்சாரம் மட்டும் குறையாது. இப்படிப்பட்ட நிலையங்களின் மின் செலவில் பாதிக்குமேல் அந்தக் காற்றுக்கே போகிறது. கடனை முப்பது நாற்பது வருடத்தில் கட்டலாம். மின் பில் மாதாமாதம் வரும்.

இந்தக் கட்டத்தைத் தலைகீழாகச் செய்த ஊர் ஒன்று இருக்கிறது. சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் உள்ள ஆலந்தூர். இன்று சென்னை மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது. 1990களின் பின்பாதியில் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை வேண்டும் என்று முடிவெடுத்தபோது, நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் முதலில் போனது வங்கிக்கல்ல, வீட்டு வாசலுக்கு. வீடு ஒன்றுக்கு 5,000 ரூபாய், கடை நிறுவனம் என்றால் 10,000 ரூபாய் வைப்புத்தொகை. தெருத்தெருவாகக் கூட்டம், வீடுவீடாக விளக்கம். அதற்கென்று தனி வங்கிக் கணக்கு. காசு கொடுத்தவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியும். மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியமும், மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுஃபிட்கோவும் கடன் கொடுத்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் காசில் கட்டி, நடத்தி, குறித்த காலத்துக்குப் பிறகு ஒப்படைப்பது என்ற ஒப்பந்தம். இந்திய நகராட்சிக் கழிவுநீர் வேலையில் இப்படிச் செய்தது அதுதான் முதல் என்பார்கள்.

5,000 ரூபாய் பெரிய தொகையா சிறிய தொகையா என்பதைவிட, அதைக் கொடுத்த வீட்டுக்காரர் மனதில் அப்போதே இணைந்துவிட்டார் என்பதுதான் விஷயம். குழாய் வீதிக்கு வந்தபோது அவர் ‘என் இணைப்பு எப்போது?’ என்று கேட்டார். மற்ற ஊர்களில் பொறியியலாளர் வீட்டுக்காரரிடம் கேட்கும் கேள்வி அது. ஏழைகளுக்கு அந்தத் தொகை பாரம்தான். மலையகத்து லயன் வீடுகளில் இதே முறையைக் கொண்டுபோனால் உடைந்துவிடும். வீடே தன் பெயரில் இல்லாதவர் எதற்கு வைப்புத்தொகை கட்டுவார்?

தமிழ்நாடு இன்னொன்றும் செய்தது. சின்ன ஊர்களுக்குத் தனியாகக் கடன்பத்திரம் வெளியிட முடியாது. யார் நம்பி வாங்குவார்கள்? 2002இல் 13 சின்ன ஊர்களை ஒன்றாகக் கட்டி, 30 கோடி ரூபாய்க்குச் சற்று மேல், 15 வருடத் தவணை, 9.2 வீத வட்டியில் ஒரே பத்திரமாக வெளியிட்டார்கள். முதல்தொகையில் பாதிக்கு அமெரிக்க உதவி நிறுவனம் ஜாமீன். கட்டத் தவறினால் அந்த ஊருக்கு மாநிலம் கொடுக்கும் பங்கில் பிடித்துக்கொள்ளலாம். நம் ஊர்ப் பெண்கள் ஆளுக்கு ஆள் ஜாமீன் நின்று எடுக்கும் குழுக்கடன் மாதிரித்தான், பெரிய அளவில். அமெரிக்காவிலும் 1987இலிருந்து இப்படியொரு சுழல்நிதி இருக்கிறது. மத்திய அரசு மாநிலங்களுக்கு முதல் கொடுக்கும். மாநிலம் ஊர்களுக்குக் குறைந்த வட்டியில் கொடுக்கும். ஒரு ஊர் திருப்பிக் கட்டுவது அடுத்த ஊருக்குப் போகும். நம்மிடம் பணம் கொழும்பிலிருந்து வரும் வழி மட்டும்தான் இருக்கிறது. ஊருக்கும் ஊருக்கும் இடையில் வழி இல்லை.

பலாபத்வலக்குக் குழாய்வழிக் கழிவுநீர் நான் இருக்கும்வரை வராது என்றே நினைக்கிறேன். வீடுகள் தள்ளித்தள்ளி, நடுவில் மிளகுக்கொடியும் கொக்கோவும். ஆளுக்கொரு குழியே சரியானது. ஆனால் குழி நிரம்பும். போன மாரியில் எங்கள் வீட்டுக் குழி நிரம்பியபோது பவுசர் கூப்பிட்டோம். தடித்த பச்சைக் குழாயை மதிலுக்கு மேலால் போட்டு, மோட்டாரைத் தட்டி, இருபது நிமிடத்தில் உறிஞ்சி எடுத்தார்கள். மூடியை வைத்துச் சீமெந்து பூசும்போது வந்த பையனிடம் கேட்டேன்.

“தம்பி, இதைக் கொண்டுபோய் எங்கே ஊத்துறீங்க?”

“அது டிரைவர் அண்ணனுக்குத்தான் தெரியும் ஐயா. நான் குழாய் பிடிக்கிற ஆள்.”

கண்டிக்கு 14 பில்லியன் யென் கடன் எடுத்த கேள்வியும் இதேதான், அளவு மட்டும் வேறு. பவுசர்க் கழிவைச் சுத்திகரிக்க ஒரு சின்ன நிலையம், மாத்தளை மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் சேர்ந்து போட்டால், குழாய் வலையைவிட எத்தனையோ மடங்கு மலிவு. உலர்த்தும் படுக்கை, சில தொட்டிகள், நாலைந்து ஆட்கள். இதற்கு ஜப்பான்வரைக்கும் போகவேண்டியதில்லை. பவுசர்க் கூலியோடு ஒரு சிறு கட்டணம் சேர்த்து வாங்கினால், நடத்தும் செலவில் நல்ல பங்கு வந்துவிடும். வீட்டுக்காரர் அந்தக் கூலியை இப்போதே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பில் எழுதித் தரச் சொன்னேன். சிகரெட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டார் டிரைவர். பவுசர் ஒழுங்கையிலிருந்து ஏ9க்கு ஏறி, ஆறு போகும் திசைக்குத் திரும்பியது.