தொலைவில் வைத்தியர், அருகில் நாம்

2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு, ஒக்டோபர் 1ஆம் திகதி வரை நீண்டது. வைத்தியசாலைகள் கொவிட் நோயாளர்களால் நிரம்பியிருந்த அக்காலத்தில், இலேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டில் வைத்தே வைத்தியர்கள் தொலைபேசி வழியாகக் கண்காணித்தனர். எங்கள் உம்மம்மாவும் அவர்களில் ஒருவர்.

வீடியோ அழைப்பில் வைத்தியர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் உம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னார். "அவங்களே சொல்லட்டும்" என்றார் வைத்தியர். "ஒண்டும் இல்ல மகன், கொஞ்சம்... அலுப்புத்தான்" என்றார் உம்மம்மா. அந்தச் சிறு இடைவெளியை நாங்கள் கவனிக்கவில்லை, வைத்தியர் கவனித்தார். ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க முடிகிறதா என்பதே அவருக்கு ஒரு பரிசோதனை. பிறகு தொலைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டு மௌனமானார். இணைப்பு அறுந்துவிட்டதென்று நான் "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். அவரோ மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார்! வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை சுவாசிப்பார். உம்மம்மாவுக்கு அது 26.

கொவிட்டில் ஒரு வஞ்சகம் உண்டு. குருதியில் ஒட்சிசன் குறைந்தாலும் சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாது. அதனால்தான் விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் அவ்வளவு முக்கியமானது. அது சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளியையும் விரலினூடாகச் செலுத்துகிறது. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் செங்கீழ் ஒளியையும், ஒட்சிசன் இல்லாதது சிவப்பு ஒளியையும் கூடுதலாக உறிஞ்சும். இந்த வேறுபாட்டிலிருந்தே கருவி ஒட்சிசன் வீதத்தைக் கணிக்கிறது. சாதாரணமாக அது 95 முதல் 100 வரை இருக்கும். விரல் குளிர்ந்திருந்தாலோ, நகப்பூச்சோ கறுப்பு மருதோன்றியோ இருந்தாலோ கணிப்புப் பிழைக்கலாம். (பெருநாள் காலத்தில் நம் தோழியர் நினைவில் வைக்க வேண்டியது இது!) எங்கள் கருவி முதலில் 88 காட்டியது. கையைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் பார்த்தபோது 91. உடனே 1990 இலக்கத்துக்கு அழைக்கும்படி வைத்தியர் சொன்னார்.

நுரையீரலின் ஒலியைத் தொலைபேசியால் கேட்க முடியாது. வயிற்றை அழுத்திப் பார்க்கவும் முடியாது. அங்கே வைத்தியரின் கையும் காதும் வீட்டில் இருப்பவர்தான். ஆகவே, அழைப்புக்கு முன் காய்ச்சலை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாவிக்கும் மருந்துகளை அருகில் வையுங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி நோயாளியை இருத்துங்கள். பிள்ளைகள் முன் சொல்லக் கூச்சப்படும் விடயங்கள் பெரியவர்களுக்கும் உண்டு. சற்று நேரம் அறையை விட்டு வெளியே வாருங்கள்.

பதினொரு நாட்களில் உம்மம்மா வீடு திரும்பினார். அன்று என்ன செய்தது என்று கேட்டால், இன்றும் "ஒண்டும் இல்லையே மகள்" என்றுதான் சொல்கிறார்.