சாய்ந்து திரும்பும் ரயில்

மண்ணூர்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டிப் பறக்கும் மைசூர் வந்தே பாரத், வளைவில் சாய்ந்து திரும்புமா?” திரும்பாது. நூறு வந்தே பாரத் ரயில்களில் சாயும் நுட்பம் வரும் என்று 2022 இறுதியில் செய்தி வந்ததால் இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம். அரக்கோணம் வரை அதற்கு வேலையும் குறைவு. ஜோலார்பேட்டைக்கு அப்பால் குப்பம் நோக்கி ஏறும் வளைவுகளில்தான் பயன்.

வளைவில் வெளியே தள்ளும் விசையைச் சமாளிக்க வெளிப்பக்கத் தண்டவாளத்தை உயர்த்துவார்கள்; ஆனால் ஓரளவுக்குத்தான் உயர்த்த முடியும். நம் முக்கிய அகலப் பாதைகளில் 165 மி.மீ. உச்சம். அதற்கு மேல் போனால், மெதுவாக வரும் சரக்கு ரயிலின் பாரம் உள்பக்கத் தண்டவாளத்தைத் தேய்த்துவிடும். மிச்சச் சாய்வைப் பெட்டியே எடுத்துக்கொள்வதுதான் இந்த நுட்பம். 2016இல் இங்கே சோதனை ஓட்டம் வந்த ஸ்பெயினின் டால்கோ ரயிலில் இதற்கென மோட்டார்கூட இல்லை. பெட்டியை அதன் எடை மையத்துக்கு மேலே பிடித்துத் தாங்கியிருப்பதால், வளைவில் அடிப்பாகம் தானாகவே வெளிப்பக்கம் ஒதுங்கும். டெல்லியிலிருந்து மும்பைக்கு அது 12 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

எனக்குப் பிடித்த விந்தை ஒன்று உண்டு: மிகச் சரியாகச் சாய்ந்தால் பயணிக்குக் குமட்டும்! 1981 டிசம்பரில் பிரிட்டனின் ஏ.பி.டி. ரயிலில் அப்படித்தான் ஆனது. பக்கவாட்டு விசை முழுவதையும் அது ஈடுகட்டிவிட்டது. ஜன்னலில் பூமி சரிவதைக் கண் பார்க்கிறது, உடம்புக்கோ எதுவும் தெரியவில்லை, மூளை குழம்பிவிட்டது. பிறகு சாய்வைக் குறைத்து, வளைவு கொஞ்சம் உறைக்கும்படி விட்டார்கள். சாய்வு தாமதமாக வந்தாலும் இதே தொல்லைதான். கொல்லிமலைப் பேருந்தில் கொண்டை ஊசி வளைவுதோறும் எனக்கு வயிற்றைப் புரட்டும். டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வளைவு அவருக்குத் தெரியும். ஜப்பானின் ஷிகோகு தீவில் 1989இல் வந்த ரயிலுக்கு அந்த அறிவைக் கொடுத்தார்கள். பாதையின் வளைவுகளெல்லாம் அதன் கணினியில் பதிவாகியிருக்கும். வளைவு தொடங்கும் முன்பே மெல்லச் சாயத் தொடங்கும்.

ஆனால் சாய்வு பயணிக்கு மட்டுமே சுகம். ஒரே வளைவை 100 கி.மீ.க்குப் பதில் 130இல் கடந்தால், வெளியே தள்ளும் விசை ஏறக்குறைய 70 விழுக்காடு கூடும். அத்தனையையும் தண்டவாளம்தான் தாங்க வேண்டும். வெயிலில் சுத்தியலும் ஸ்பேனருமாக நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பாண்ட்ரோல் கிளிப் நழுவினால் அதை அடித்து உள்ளே ஏற்றும் கீமேனுக்கு வேலை கூடுகிறது. ரயில் பெட்டிக்குக் கொடிகாட்ட ஆள் வருகிறார்கள். பாதை பராமரிப்புக்கு ஆளும் நேரமும் கேட்டால் கை சுருங்குகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம். சாயும் ரயில் வரும் என்று அறிவிக்கும் அமைச்சகம், அந்தத் தடத்தில் எத்தனை கீமேன்களை நியமிக்கும், பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் லைன் பிளாக்கை நாளுக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்லட்டும்.