முப்பது வருஷம் சத்தமே போடாத சிபிலிஸ்

இந்த எபிசோடை ஹெட்போன் போட்டுக் கேளுங்க. பக்கத்துல அம்மா அப்பா இருந்தா இன்னும் நல்லது, அவங்களும் கேட்கட்டும்.

தூத்துக்குடியில எங்க தெருவுல ஒரு மாமா இருக்கார். என் ஃபிரெண்டோட அப்பா. சின்ன வயசுல தோணியில வேலை. இங்க இருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏத்திட்டுப் போற மரத்தோணி. அவர் அனுமதி கொடுத்ததால சொல்றேன், அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன். 

ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல அவருக்குக் கால்ல திடீர் திடீர்னு கத்தியால குத்துற மாதிரி வலி. வாயுன்னாங்க, நரம்புத் தளர்ச்சின்னாங்க, மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. நடை அகலக் காலா, தரையைத் தட்டித் தட்டி மாறிச்சு. தெருவுல குடிச்சிருக்கார்னு பேச்சு. அவர் என்கிட்ட சொன்னது ஒரே வரிதான்: "மூஞ்சில தண்ணி அடிக்க கண்ண மூடினா விழுந்துருதேன்ப்பா."

இந்த ஒரு வரிக்குள்ள நோயே இருக்கு. கால் எந்த இடத்துல இருக்குன்னு பார்க்காமலே நமக்குத் தெரியும் இல்லையா? அந்தத் தகவலை மூளைக்குக் கொண்டுபோறது தண்டுவடத்தோட பின்பக்க நரம்புக் கட்டு. அது அழிஞ்சா, கண்ணு பார்த்துச் சமாளிக்கும். கண்ணை மூடினா ஆள் கீழே. கடைசியில ஒரு டாக்டர் அவர் கண்ணுல டார்ச் அடிச்சிருக்கார். வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கல. விரலைக் கிட்ட கொண்டுவந்து பார்க்கச் சொன்னப்ப மட்டும் சுருங்கிச்சு. ஆர்கைல் ராபர்ட்சன்ங்கற ஸ்காட்லாந்து டாக்டர் 1869-லயே எழுதிவெச்ச அடையாளம் இது. அடுத்து ரத்தப் பரிசோதனை, முதுகுத்தண்டு நீர் பரிசோதனை. முடிவு: சிபிலிஸ்.

ட்ரெபோனிமா பாலிடம்ங்கற கிருமிதான் காரணம். சுருள் கம்பி மாதிரி இருக்கும். நம்ம குடல்ல இருக்கற ஈ.கோலை வசதியான சூழல்ல 20 நிமிஷத்துல இரட்டிக்கும். இதுக்கு 30 மணி நேரத்துக்கு மேல ஆகும். இதோட ஜீனோமை 1998-ல முழுசா படிச்சாங்க; சுமார் 11.4 லட்சம் எழுத்துதான். ஒரு எழுத்துக்கு ரெண்டு பிட்னு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், 300 கேபிக்குள்ள முடிஞ்சிடுது. நீங்க வாட்ஸப்ல அனுப்பற குட் மார்னிங் போட்டோ அளவு. மேல்தோல்ல புரதம் ரொம்பக் கம்மி, அதனால நம்ம எதிர்ப்பு சக்தி இதை அடையாளம் பிடிக்கவே திணறும்.

முதல்ல வர்ற புண் வலிக்காது, சில வாரத்துல தானா ஆறிடும். மாமாவுக்கு இருபத்தாறு வயசுல வந்திருக்கு. உப்புத்தண்ணிப் புண்ணுன்னு நினைச்சு ஏதோ களிம்பு தடவியிருக்கார். அடுத்து உடம்பெல்லாம், உள்ளங்கை உள்ளங்கால்ல கூட, தடிப்பு வரலாம். அதுவும் தானா மறையும். அப்புறம் வருஷக்கணக்குல அமைதி.

தானா மறையறதுதான் இதோட பெரிய ஏமாத்து வேலை. எந்த மருந்து கொடுத்தாலும் கேட்ட மாதிரியே தெரியும். பழைய தமிழ்ல இதுக்குப் பேரு பறங்கிப்புண், பறங்கி வியாதி. போர்த்துக்கீசியர் வந்த காலத்துப் பேர். (ஊர் ஊருக்கு அடுத்தவன் மேலதான் பழி. இத்தாலிக்காரங்க பிரெஞ்சு நோய்னாங்க, பிரெஞ்சுக்காரங்க நேப்பிள்ஸ் நோய்னாங்க.) நாட்டு மருந்துக் கடையில இன்னைக்கும் கிடைக்கற பரங்கிப்பட்டையை இதுக்கு மருந்தா கோவாவுல இருந்த கார்சியா ட ஓர்ட்டா 1563-லயே எழுதியிருக்கார். பாதரசமும் நூற்றாண்டுக் கணக்குல ஓடிச்சு. புண் ஆறிச்சு, நோய் போகல.

அப்போ மருந்தே கொடுக்காம விட்டா? நார்வேயில பெக்னு ஒரு டாக்டர், பாதரசம் நல்லதைவிடக் கெட்டதுதான் செய்யுதுன்னு நம்பி 1891 முதல் 1910 வரை சுமார் 2,000 பேரை அப்படியே விட்டார். பின்னாடி அவங்களைத் தொடர்ந்து பார்த்ததுல சுமார் 16 சதவீதம் பேருக்குத் தோல், எலும்புல கம்மாங்கற கட்டி. 10 சதவீதம் பேருக்கு இதயம், பெரிய ரத்தக்குழாய் பாதிப்பு. 6, 7 சதவீதம் பேருக்கு நரம்பு மண்டலம். நிறைய பேருக்குக் கடைசிவரை ஒண்ணும் ஆகல. யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல வழியில்ல.

கம்மாவை எங்க ஊர்க்காரங்களுக்குச் சுலபமாச் சொல்லலாம். சிப்பிக்குள்ள உறுத்தல் வந்தா அதைச் சுத்திப் பூசிப் பூசி முத்தாக்கும். நம்ம உடம்பும் கிருமியைச் சுத்தி வேலி கட்டுது, ஆனா இங்க நடுவுல திசு செத்து, ரப்பர் மாதிரி கட்டியாகுது. பயங்கரமானது மகாதமனி கதை. அவ்வளவு தடிப்பான குழாயோட சுவருக்கே ரத்தம் வேணும், அதுக்குக் குட்டிக் குழாய்கள் இருக்கு. நோய் அதை அடைச்சிடும். சுவர் பலம் போய் பலூன் மாதிரி உப்பும், வால்வு கசியும். மூளைக்குப் போனா ஞாபக மறதி, குணமே மாறிப்போறது. நூறு வருஷம் முன்னாடி மனநலக் காப்பகங்கள்ல இப்படி எத்தனையோ பேர்.

ஒரு விஷயம் தெளிவா இருக்கட்டும்: கண்ணையும் நரம்பையும் இது தொட முப்பது வருஷம் காத்திருக்கணும்னு இல்ல, எந்தக் கட்டத்துலயும் நடக்கலாம்.

துறைமுகத்துக்கும் இதுக்கும் உள்ள தொடர்பு புதுசில்ல. எந்த நாட்டு மாலுமியா இருந்தாலும் துறைமுகத்துல பால்வினை நோய்க்கு இலவச சிகிச்சை தரணும்னு 1924-ல பிரஸ்ஸல்ஸ்ல சர்வதேச ஒப்பந்தமே போட்டாங்க. தோணிக்காரர் மாமாவுக்கு இது யாரும் சொல்லல.

1943-ல பெனிசிலின் வந்ததும் கதை மாறிச்சு. ஆரம்பத்துல ஒரே ஊசி போதும். நாள்பட்டதுன்னா வாரம் ஒண்ணா மூணு. நரம்புல இறங்கிட்டா 10 முதல் 14 நாள் ரத்தநாளம் வழியா. கிருமி சாகும், செத்த நரம்பு திரும்பாது. வி.டி.ஆர்.எல். பரிசோதனை நாள்பட்ட கட்டத்துல சிலருக்கு நெகட்டிவ் காட்டும், அதனால டி.பி.எச்.ஏ.வும் கேளுங்க. அது ஒருதடவை பாசிட்டிவ் ஆனா பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான், மருந்து கேட்கலைன்னு பதறாதீங்க. அரசு மருத்துவமனையில சுகவாழ்வு மையம்னு போர்டு இருக்கும், ஊசி இலவசம். பேசத் தயக்கமா இருந்தா 1097.

மாமாவுக்கு 14 நாள் மருந்து ஏறிச்சு. குத்துற வலி குறைஞ்சிருக்கு, நடை அப்படியேதான். இவ்வளவு வருஷம் கழிச்சு அவர்கிட்ட இருந்து தொத்த வாய்ப்பில்ல, ஆனா அந்தக் காலத்துல தொத்தியிருக்கலாம், அத்தைக்கும் ரத்தம் பார்க்கணும்னு டாக்டர் சொன்னார். அதை அத்தைகிட்ட சொல்ல அவருக்குப் பதினோரு நாள் ஆச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்துதான் சொன்னார், நான் டீ வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தப்ப அத்தை கையில பஞ்சை அழுத்திட்டு உட்கார்ந்திருந்தாங்க, ரத்தம் எடுத்து முடிச்சிருந்தாங்க. ரிசல்ட் நெகட்டிவ். இப்போ ராத்திரி பாத்ரூம் லைட்டை அணைக்கறதே இல்ல, அது அத்தை போட்ட சட்டம்.