மோதிரம் தேய்ந்தது கையிலா, பாலிஷிலா?

சிவகிரிப் பக்கம் மண்வெட்டி பிடிக்கிற கையில் மோதிரம் கிடந்தால், வருடம் போகப் போக அதன் அடிப்பக்கம் மெலியத்தான் செய்யும். சுத்தத் தங்கத்தின் கடினம் மோஸ் அளவில் 3-ஐத் தாண்டாது. மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கோ 7. வெள்ளி, செம்பு சேர்த்த 22 காரட்டும் மணலிடம் தோற்றுத்தான் போகும்.

எவ்வளவு தேயும்? வியன்னாவின் வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர் தன் 18 காரட் கல்யாண மோதிரத்தை ஒரு வருடம் வாராவாரம் நிறுத்துப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார். அந்த வருடத்தில் குறைந்த எடை சுமார் 6 மில்லிகிராம். கடற்கரை மணலிலும் தோட்ட வேலையிலும் இழப்பு கூடியது. நம் கைக்கு அதைப்போல இருமடங்கு என்று வைத்தாலும், ஒரு கிராம் குறைய எண்பது வருடத்துக்கு மேல் ஆகும்.

ஆகவே, பாலிஷுக்குக் கொடுத்து வாங்கிய மோதிரம் அரை கிராம் குறைந்திருந்தால், 'தேய்மானம்தாம்மா' என்ற பதிலை ஏற்காதீர்கள். வீடு தேடி வந்து முதலில் பித்தளை விளக்கைப் பளபளப்பாக்கிக் காட்டி, பிறகு தங்கத்தைக் கேட்பவர்களிடம் கழற்றிக் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் கிண்ணத்தில் இருப்பது ராஜ திராவகமாக இருந்தால் தங்கம் அதில் கரைந்துவிடும். அதைப் பிரித்தெடுக்க அவர்களுக்குத் தெரியும். ஏமாந்தால் உடனே காவல் நிலையத்துக்குப் போங்கள். கடையில் கொடுத்தாலும் முன்னும் பின்னும் கண்ணெதிரே எடை போட்டு எழுதி வாங்குங்கள்.

வயல் வேலைக்கும் பாத்திரம் துலக்கவும் போகுமுன் கழற்றி வையுங்கள். ஒரே விரலில் இரண்டு மோதிரம் போட்டால் ஒன்றையொன்று அராவும். பிளீச்சிங் பவுடர் ஆகாது. பாதரசம் பட்டால் தங்கம் வெளுத்துக் கெடும். அழுக்கெடுக்க மெல்லிய சோப்புத் தண்ணீரும் மிருதுவான பிரஷும் போதும். பற்பசை, சாம்பல் வேண்டாம்.

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடு கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இது கட்டாயமில்லை என்பதால், சின்ன மோதிரம் வாங்குவோர் கூடுதலாக விசாரிக்க வேண்டும். தேய்ந்தால் குறியீடும் மங்கும். வாங்கிய அன்றே படம் எடுத்து பில்லோடு வையுங்கள். குறித்ததைவிடத் தரம் குறைந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப்போல இருமடங்கும் சோதனைக் கட்டணமும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடை மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம். காசு கொடுத்துச் செய்த பாலிஷும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும்.

அடிப்பக்கம் நூலாகிவிட்ட மோதிரத்தை அழிக்க வேண்டியதில்லை. பத்தரிடம் புதுக் கம்பி வைத்துப் பற்றவைக்கலாம். சேர்க்கும் தங்கத்தின் எடையையும் காரட்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.