ஐந்தில் ஒரு பங்கில் ஒரு கல்யாணம்

கல்யாண வீடியோ இப்போது பென்டிரைவில் வருகிறது. ஆனால் ஊரில் தாத்தா பாட்டி இருக்கும் பல வீடுகளில் டிவிக்குக் கீழே இருப்பது இன்னமும் டிவிடி பிளேயர்தான். டிஸ்கைப் போட்டு ரிமோட்டில் ஒரு பட்டனைத் தட்டினால் படம் ஓட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது முழுக்க நியாயம். பேரப்பிள்ளைகள் எம்பி4 கோப்பை அப்படியே வெற்று டிஸ்கில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஓடாதபோது டிஸ்க் கெட்டுவிட்டது, பிளேயர் கெட்டுவிட்டது என்று பேச்சு வருகிறது. இரண்டுமே கெடவில்லை.

முதல் டிவிடி பிளேயர் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் சிப், எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட படத்தை விரிப்பதற்கென்றே செய்யப்பட்டது. இன்று கைபேசியின் எம்பி4 கோப்புகளில் பரவலாக உள்ள எச்.264 சுருக்க முறை வெளிவந்ததே 2003-ல்தான். பின்னாளில் வந்த சில பிளேயர்கள் வேறு கோப்புகளையும் ஓட்டும். எந்த வீட்டுப் பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் பழைய விதிக்கு நாம்தான் பணிய வேண்டும்.

விதி கறாரானது. நம் நாட்டு ‘பால்’ தொலைக்காட்சி முறையில் படம் 720-க்கு 576 பிக்சல், விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். முழு எச்டி படமோ 1920-க்கு 1080. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 பிக்சல் 4,14,720 ஆகிறது. மிகச் சரியாக ஐந்தில் ஒரு பங்கு! பட்டுப் புடவையின் சரிகை வேலைப்பாடு கொஞ்சம் மங்கத்தான் செய்யும். முகங்கள் மங்காமல் காப்பது நம் கையில் இருக்கிறது. அங்கேதான் கணக்கு வருகிறது.

ஓர் அடுக்கு டிஸ்கின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 3,760 கோடி பிட். இரண்டு மணி நேரத்துக்கு, அதாவது 7,200 விநாடிக்கு, இதைப் பங்கிட்டால் விநாடிக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும். ஒலிக்குக் கொஞ்சம் போக மீதியில் படம் நன்றாகவே இருக்கும். படம் ஒரு மணி நேரம்தான் என்று பங்கை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, படத்துக்கு 9.8 மெகாபிட்தான் உச்சவரம்பு. நான்கு மணி நேரத்தைத் திணித்தால் பங்கு 2.6 ஆகச் சுருங்கிவிடும்.

அப்போது எது கெடும் என்பதுதான் சுவாரசியம். எம்பெக்-2 எல்லா ஃப்ரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, அடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. ‘பால்’ டிவிடியில் அதிகபட்சம் 15 ஃப்ரேமுக்கு ஒரு முழுப் படம் வந்தாக வேண்டும். அசையாமல் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிப்பவருக்குச் சில பிட்டுகளே போதும். ஹோமப் புகையும் அட்சதையும் அப்படியல்ல. ஒவ்வொரு நொடியும் புதிதாக மாறுபவை. பிட் போதாவிட்டால், தாலி கட்டும் அந்த நேரத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். எந்த நிமிடத்துக்காகப் படம் எடுத்தோமோ அதுவே கெடுவதை நான் ஏற்க மாட்டேன். அதனால் மாற்றும்போது ‘டூ பாஸ்’ முறையைத் தேர்ந்தெடுங்கள். பந்தியில் இலைகளை எண்ணிவிட்டுப் பரிமாறுவதுபோல, மென்பொருள் முதல் சுற்றில் படம் முழுவதையும் அளந்துவிட்டு, இரண்டாம் சுற்றில் தேவைக்கேற்பப் பங்கிடும். நான்கு மணி நேரம் என்றால் தயங்காமல் இரண்டு டிஸ்க் போடுங்கள்.

கைபேசியில் எடுத்ததில் இன்னொரு சிக்கல். வெளிச்சம் குறைந்தால் பல கைபேசிகள் ஃப்ரேம் வேகத்தைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் போகப்போக உதட்டசைவும் பேச்சும் பிரிந்துவிடும். முதலில் சீரான 25-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

மாற்றிய படத்தை ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் விஓபி கோப்புகளாக நறுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. எங்கே தொடங்குவது, மெனு எது என்று பிளேயருக்குச் சொல்வது ஐஎஃப்ஓ கோப்பு. கீறல் விழுந்தால் கைகொடுக்க அதற்கு ஒரு நகலும் உண்டு. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் இவற்றையெல்லாம் செய்து, டிஸ்கிலும் எழுதித் தரும்.

அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க் வேண்டாம். ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பழைய பிளேயர்கள் சில படிக்கத் திணறும். டிவிடி-ஆர் வாங்கி, நடுத்தர வேகத்தில் எழுதி, கடைசியில் ‘ஃபைனலைஸ்’ செய்து டிஸ்கை மூடிவிடுங்கள். எழுதப்படுவது ஒரு சாயப் படலத்தில் என்பதால் வெயில் படாமல் வையுங்கள். காகித லேபிள் ஒட்ட வேண்டாம். எடை ஒரு பக்கம் கூடினால் சுழலும்போது டிஸ்க் அதிரும், படம் நின்று நின்று ஓடும்.