அத்திச் செடி: தண்ணீரே எமன்

பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வரிசையாக வறண்ட 2024 மார்ச்சில், குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது குடிநீர் வாரியம். சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து மேடேறி வரும் காவிரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. ரயில் பாதையை ஒட்டி வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒக்கலிபுரம் போன்ற பேட்டைகளில் தோட்டம் என்பதே வராந்தாவிலும் ஜன்னலோரத்திலும் இருக்கும் நாலைந்து தொட்டிகள்தான். அந்தத் தொட்டிகளில் அத்தி இனத்துச் செடி இருந்திருந்தால், அபராத பயம் அதற்கு நன்மையே செய்திருக்கும். வீட்டுக்குள் வளரும் அத்திகள் பெரும்பாலும் சாவது தாகத்தால் அல்ல, அளவுக்கு மீறிய தண்ணீரால்.

பளபளக்கும் ரப்பர் செடி, சிற்றிலைகள் தொங்கும் பெஞ்சமினா, சில வருடங்களாக மவுசு ஏறியிருக்கும் ஃபிடில் இலை அத்தி எல்லாமே ஆலுக்கும் அரசுக்கும் பங்காளிகள். ரப்பர் செடியின் பிறந்த வீடு வடகிழக்கு இந்தியக் காடுகள். மேகாலயத்தின் காசி மக்கள் அதன் வேர்களைப் பின்னித்தான் ஓடைகளின் மேல் உயிர்ப் பாலங்களை வளர்க்கிறார்கள். ஃபிடில் இலை அத்தி மேற்கு ஆப்பிரிக்க மழைக்காட்டிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட மரங்களை ஒரு முழ உயரத் தொட்டியில் அடைத்தால் சில முரண்டுகளைச் சகித்துத்தான் ஆக வேண்டும்.

முதல் முரண்டு வேரில். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. இலை மஞ்சளாகித் தொங்கும். பார்ப்பவர் வாடிவிட்டதென்று இன்னொரு சொம்பு ஊற்றுவார். கதை முடிந்தது. இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் ஊற்றினால் போதும். ஏப்ரல் வெயிலில் நாலைந்து நாளுக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை கூடப் போதலாம். தொட்டிக்குக் கீழே தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வெறும் செம்மண் இறுகிவிடும் என்பதால் தேங்காய் நார்த் தூளும் மண்புழு உரமும் கலப்பது நல்லது. சிக்கனம் கருதி ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. அதன் உப்பு மண்ணில் சேர்ந்து இலையோரம் கருகும். அரிசி கழுவிய தண்ணீர் எவ்வளவோ தேவலை.

அடுத்தது வெளிச்சம். கிழக்கு ஜன்னலோரம் உத்தமம். அங்கிருந்து ஏழெட்டு அடி உள்ளே தள்ளினாலே செடிக்கு அது இருட்டு. இடம் மாற்றினால் பெஞ்சமினா கோபித்துக்கொண்டு இலைகளைக் கொட்டும். பதறி மீண்டும் இடம் மாற்றாமல் விட்டால் சில வாரங்களில் துளிர்க்கும். தெருப் புழுதி படிந்த இலையை வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைக்கும்போதே மாவுப்பூச்சியும் கண்ணில் படும். அதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெய் தெளித்தால் போதும். கிள்ளினால் வடியும் பால் சிலருக்கு அரிப்பைத் தரும். குழந்தைகளும் பூனைகளும் இருக்கும் வீட்டில் கவனம் தேவை.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று நர்சரிகள் சொல்வதைப் பெரிதாக நம்ப வேண்டாம். 1989இல் அமெரிக்காவின் நாசா மூடிய பெட்டிக்குள் நடத்திய சோதனையிலிருந்து பரவிய பேச்சு அது. வீட்டில் ஜன்னல் திறந்திருப்பதற்கு ஈடாக ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டியிருக்கும் என்று 2019இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

கூரையைத் தொட்டுவிட்ட செடியைக் காம்பவுண்டு ஓரம் நடுவதுதான் பெரிய ஆபத்து. பங்காளி எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு, நகருக்கு வெளியே ராமோஹள்ளி அருகே சுமார் மூன்று ஏக்கரில் பரந்திருக்கும் பெரிய ஆலமரமே சாட்சி. குழாயையும் அஸ்திவாரத்தையும் வேர் தேடிப் போகும். மழை தொடங்கும் ஜூனில் கிளையைக் கழித்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேரையும் கொஞ்சம் நறுக்கிப் புது மண்ணில் வைத்தால் தொட்டியிலேயே அடங்கும். கழிப்பதற்கு முன்பே ரப்பர் செடியின் கிளையில் பட்டையைச் சீவி, ஈரப் பாசி கட்டிப் பதியம் போட்டுவிட்டால், ஓரிரு மாதத்தில் அடுத்த வீட்டு வராந்தாவுக்கும் ஒரு செடி தயார்.